நிலாவுல ஒரு பள்ளம்: ஆறு குழந்தைங்க, 24 கப்கேக்

போன எபிசோடுக்கு அப்புறம் ரெண்டு மாசம் இடைவெளி விட்டுட்டேன். "கடையை மூடிட்டீங்களா"ன்னு சில பேர் மெயில் போட்டிருந்தீங்க. மூடல. வீட்ல வேற வேலை வந்துடுச்சு. அந்த வேலையைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். வழக்கமா இங்க போன் பேட்டரி, வைஃபை, யூபிஐ எப்படி வேலை செய்யுதுன்னு பேசுவோம். இன்னைக்கு கப்கேக். சிரிக்காதீங்க, இதுலயும் கெமிஸ்ட்ரி இருக்கு. நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு. அதைச் சொல்லணும்னுதான் மைக்கை எடுத்தேன்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் மாசம் எங்க அக்காவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரெண்டாவது பிரசவம், எட்டாவது மாசம். பி.பி. ஏறி ஏறி இறங்குச்சு. வீட்ல வெச்சுப் பாக்க வேண்டாம், இங்கயே இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அக்கா வீட்டுக்காரர் ராத்திரி ஆஸ்பத்திரி, பகல் ஆபீஸ். அதனால அக்கா பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துட்டா. மேடவாக்கத்துல நானும் அம்மாவும்தான் இருக்கோம். பாப்பாவுக்கு எட்டு வயசு. பேர் சொல்லல. வளர்ந்து இதைக் கேட்டான்னா என்னைத் திட்டுவா.

வந்த முதல் நாலு நாள் அவ அழல, அடம் பிடிக்கல, எதுவும் கேட்கல. அதுதான் எங்களுக்குப் பயமா இருந்துச்சு. சாப்பாட்டைத் தட்டுல வெச்சா ஓரத்துல ஒதுக்கி ஒதுக்கி ஒரு வட்டம் போட்டுட்டு "போதும் ஆயா"ன்னு எழுந்துடுவா. ராத்திரி தண்ணி குடிக்க நான் எழுந்தா, அவ முழிச்சுக்கிட்டு ஃபேனையே பாத்துட்டு இருப்பா. எனக்கோ குழந்தைங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியாது. "ஸ்கூல் எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு மாமா." அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுடும்.

அஞ்சாவது நாள் அவளே ஒண்ணு கேட்டா. "மாமா, சனிக்கிழமை விண்வெளி தினம். மிஸ் ஏதாவது செஞ்சு போட்டோ அனுப்பச் சொன்னாங்க. ராக்கெட் எல்லாரும் பண்ணுவாங்க. நாம நிலா பண்ணலாமா? கேக்ல?"

ஆகஸ்ட் 23. 2023-ல அன்னைக்குத்தான் சந்திரயான்-3 நிலாவோட தென் துருவப் பக்கம் இறங்குச்சு. அதுக்கப்புறம் அந்த நாளை தேசிய விண்வெளி தினமா அறிவிச்சாங்க. அந்தத் திட்டத்தோட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். எங்க ஊரும் விழுப்புரம்தான். அதனால எங்க அம்மாவுக்கு இந்த விஷயத்துல தனிப் பெருமை. அவரை இதுவரைக்கும் நேர்ல பாத்ததில்ல, ஆனா "நம்ம புள்ள"ன்னுதான் சொல்லுவாங்க. 2025-ல அந்த நாள் சனிக்கிழமை வந்துச்சு. சரின்னு ஒத்துக்கிட்டேன். அபார்ட்மெண்ட்ல இருக்கிற அஞ்சு பசங்களையும் கூப்பிடலாம்னு அம்மா சொன்னாங்க. பாப்பாவோட சேத்து ஆறு பேர். தலைக்கு மூணு கப்கேக். பாப்பா மட்டும் கூட நாலு கேட்டா, அம்மாவுக்குக் கொண்டு போக. மிச்சம் ரெண்டு. மொத்தம் 24.

கப்கேக்னா என்னன்னு அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்துச்சு. வீடியோ காட்டினேன். பாத்துட்டு, "பணியாரத்துக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கயும் படிக்கல. நிஜமாவே இது பழைய யோசனைதான். 1796-ல அமெரிக்காவுல அமேலியா சிம்மன்ஸ்னு ஒருத்தங்க எழுதின சமையல் புத்தகத்துல, சின்னச் சின்ன கப்புல வேக வைக்கிற கேக் குறிப்பு இருக்கு. 1828-ல எலைசா லெஸ்லி புத்தகத்துல கப் கேக்ங்கற பேரே வந்துடுச்சு. கப்புல வேக வெச்சதால அந்தப் பேரா, மாவு சர்க்கரையை எல்லாம் கப்பால அளந்ததால அந்தப் பேரான்னு ரெண்டு விதமாவும் சொல்றாங்க. நாமளும் டம்ளர்ல அளக்கற ஆளுங்கதானே. சரி, மேல போவோம்.

வந்த பசங்கள்ல ரெண்டு வீட்ல முட்டை கிடையாது. அதனால முட்டை இல்லாத கேக். ஒரு தடவைக்கு 12 வரும், அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. மைதா ஒன்றரை கப். தயிர் ஒரு கப், புளிச்சது வேண்டாம், அதுக்காக நேத்து உறை ஊத்தின தித்திப்புத் தயிரும் வேண்டாம். பொடிச்ச சர்க்கரை முக்கால் கப். எண்ணெய் அரை கப், வாசனை இல்லாத எண்ணெய். நல்லெண்ணெய் ஊத்திட்டு என்னைத் திட்டாதீங்க. சமையல் சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒண்ணேகால் டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். தயிரையும் சர்க்கரையையும் நல்லாக் கரைச்சு, சோடாவையும் பேக்கிங் பவுடரையும் போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. நுரைச்சு மேல வரும். தயிர்ல இருக்கிற அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வருது. இந்த அஞ்சு நிமிஷம் ரொம்ப முக்கியம். குழந்தைங்க கிண்ணத்துக்குள்ள தலையை விட்டுப் பாக்கணும். "மாமா, மூச்சு விடுது"ன்னா பாப்பா. அந்த வாரத்துல அவ தானா, நாம கேட்காமலே சொன்ன ரெண்டாவது வாக்கியம் அது. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் எண்ணெய், எசன்ஸ். கடைசியா மைதாவைச் சலிச்சுப் போட்டு, மாவு மறையற வரைக்கும் மட்டும் கலக்குங்க. போட்டு அடிச்சுக்கிட்டே இருந்தா குளூட்டன் இழுத்துக்கும், கேக் ரப்பர் மாதிரி ஆயிடும். பேப்பர் கப்புல முக்கால் கூட வேண்டாம், மூணுல ரெண்டு பங்கு ஊத்தினா போதும். ஓ.டி.ஜி.யை 180 டிகிரியில பத்து நிமிஷம் முன்னாடியே சூடாக்கிட்டு, 18-லேர்ந்து 22 நிமிஷம். குச்சி விட்டா ஒட்டாம வரணும்.

இதுல எனக்கு ஒரு பாடம் கிடைச்சுது. எங்க ஓ.டி.ஜி. சின்னது, ஒரு தடவைக்கு ஆறுதான் வைக்க முடியும். வியாழக்கிழமை ராத்திரி ஒத்திகை பாக்கறப்ப 12-க்கும் மாவை மொத்தமா கலந்து வெச்சுட்டேன். முதல் ஆறு நல்லா கோபுரம் மாதிரி எழும்பி வந்துச்சு. அடுத்த ஆறு தட்டையா, சோகமா. மாவு காத்துக்கிட்டு இருந்த அந்த அரை மணி நேரத்துல காத்து பாதி போயிடுச்சு. அதனால சின்ன அடுப்பு இருக்கிறவங்க மைதாவைத் தனியா, தயிரைத் தனியா எடுத்து வெச்சுட்டு, ஆறு ஆறுக்கா அப்பப்போ கலந்துக்கோங்க.

ஒத்திகையில இன்னொரு வேடிக்கையும் நடந்துச்சு. நிலா மஞ்சளா இருக்கட்டுமேன்னு மாவுல அரை ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டேன். வெளிய எடுத்துப் பாத்தா கேக் முழுக்க செங்கல் நிறத்துல புள்ளி புள்ளியா இருக்கு. அம்மை போட்ட மாதிரி. என்னடா இதுன்னு யோசிச்சா, சோடா சரியாக் கரையாம கட்டி கட்டியா நின்ன இடத்துல எல்லாம் மஞ்சள் சிவப்பாயிடுச்சு! மஞ்சள் ஒரு இண்டிகேட்டர், காரம் பட்டா சிவக்கும். ஆரத்தித் தட்டுல மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்தா சிவக்குதே, அதே கதை. அதாவது நான் எந்தெந்த இடத்துல ஒழுங்காக் கலக்கலைன்னு கேக்கே குறிச்சுக் கொடுத்துடுச்சு. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு எர்ரர் ரிப்போர்ட் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும். பாப்பாகிட்ட இதை விளக்கினேன். அவ அப்பவே கிண்ணத்துல கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சோடாத் தண்ணின்னு வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்துட்டா. அன்னைக்கு ராத்திரி ரெண்டு தோசை சாப்பிட்டா.

நிறத்தைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்லிடறேன். கடையில விக்கிற கலர் எதையும் நான் வாங்கல. அனுமதிச்ச கலர் எல்லாம் இருக்கு, பாக்கெட்ல போட்டிருப்பாங்க, அளவோட போட்டா தப்பில்லைன்னுதான் சட்டம் சொல்லுது. ஆனா 2024 பிப்ரவரியில பஞ்சு மிட்டாயில ரோடமின்-பி சாயம் இருக்குன்னு கண்டுபிடிச்சு தமிழ்நாட்டுல அதை விக்கவே தடை போட்டாங்களே, அதுலேர்ந்து எங்க அம்மா ரோஸ் கலர்ல எதைப் பாத்தாலும் முகத்தைச் சுளிப்பாங்க. பீட்ரூட் சாறு போடலாமேன்னு நினைப்பீங்க. மாவுல போட்டா அடுப்புல பழுப்பாயிடும், அந்த நிறம் சூட்டைத் தாங்காது. மேல போடற ஐசிங்ல கலந்தா அழகான ரோஸ். எங்களுக்கு வேண்டியது ராத்திரி வானம், அதாவது நீலம். மாடியில தொட்டியில சங்குப்பூ இருக்கு. பத்துப் பதினஞ்சு பூவைக் கொதிக்கிற தண்ணி கால் டம்ளர்ல போட்டா அடர் நீலம் இறங்கிடும். அதை ஐசிங் சுகர்ல ஸ்பூன் ஸ்பூனா விட்டுக் குழைச்சா நீல வானம். அதுல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் விட்டா, கண் முன்னாடி ஊதாவா மாறும். ஆறு பசங்களும் போட்ட கத்தல்ல கீழ் வீட்டுக்காரர் மேல வந்து பாத்துட்டுப் போனார்.

நிலாவுக்கு ஐசிங் வேற. முதல்ல பட்டர்க்ரீம்தான் பண்ணினேன், வீடியோல எல்லாம் அதுதானே. அந்த வீடியோ எடுத்த ஊர்ல 20 டிகிரி இருக்கும். நம்ம ஹால்ல 34. வெண்ணெய் அந்தச் சூட்டுல உருக ஆரம்பிச்சுடும், என்ன பண்ண முடியும்? ஃபேனுக்குக் கீழ வெச்ச கோபுரம் பத்து நிமிஷத்துல சாஞ்சுடுச்சு. அதனால கனாஷ். வெள்ளை சாக்லேட் 300 கிராம், சூடான ஃப்ரெஷ் கிரீம் 100 கிராம், கலக்கி ஆற விட்டா கெட்டியா நிக்கும். கறுப்பு சாக்லேட்னா ரெண்டுக்கு ஒண்ணு போதும். அதுல சாக்லேட் கிரீம் பிஸ்கட்டை, நடுவுல இருக்கிற கிரீமை வழிச்சுட்டு, பொடிச்சுப் போட்டோம். நிலா மண்ணு நிறம் அப்படியே வந்துடுச்சு. வழிச்ச கிரீம் எங்க போச்சுன்னு கேட்காதீங்க.

சனிக்கிழமை மூணு மணிக்கு ஆறு பேரும் வந்தாச்சு. பெரியவனுக்குப் பதினொண்ணு, சின்னவனுக்கு நாலு. வரதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வீடு போன் பண்ணி வேர்க்கடலை ஒத்துக்குமான்னு கேட்டுட்டேன். ஏன்னா எங்க விக்ரம் லேண்டர் கடலைமிட்டாய். சதுரமா, பொன் நிறமா, இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்? நாலு காலுக்குக் காரசேவு. உறைப்பும் இனிப்பும் சேந்து நல்லாவே இருந்துச்சு, நம்புங்க. பிரக்யான் ரோவருக்கு வேஃபர் பிஸ்கட் துண்டு, ஆறு சக்கரத்துக்கு ஆறு ஜெம்ஸ். நாலு வயசுக்காரன் சக்கரத்தை எல்லாம் முதல்லயே சாப்பிட்டுட்டான். "வண்டி எப்படிடா ஓடும்?"னு கேட்டா, "ஓடி முடிச்சிருச்சு"ன்னான். சரியான பதில். நிஜ ரோவரும் நூறு மீட்டருக்குச் சொச்சம் ஓடி முடிச்சுட்டுத்தான் நின்னுச்சு.

அலங்காரத்துக்கு முன்னாடி பால்கனியில பேப்பர் விரிச்சு ஒரு விளையாட்டு. தட்டுல மைதாவைப் பரப்பி, மேல லேசாக் கோகோ பவுடரைத் தூவி, உசரத்துலேர்ந்து கோலிகுண்டைப் போடச் சொன்னேன். விழுந்த இடத்துல பள்ளம், சுத்தி வெள்ளைக் கோடு கோடா தெறிக்கும். நிலாவுல பள்ளம் வந்ததும் இப்படித்தான். பூமியிலயும் கல்லு விழுந்துச்சு, ஆனா இங்க காத்து, மழை, ஆறு எல்லாம் சேந்து அழிச்சுடுச்சு. அங்க அழிக்க ஆளில்லை, அப்படியே இருக்கு. இதை நான்தான் சொன்னேன், நினைவுல வெச்சுக்கோங்க. அங்க அழிக்க ஆளில்லைன்னு.

பைப்பிங் பேக் ரெண்டுதான் இருந்துச்சு. அம்மா ஆவின் கவரைக் கழுவி, துடைச்சு, மூலையில துளி வெட்டி ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டாங்க. அவங்களும் ஒரு கப்கேக் எடுத்து, நாசில் எதுவும் இல்லாம, நாப்பது வருஷம் கோலம் போட்ட கையால ஒரு நட்சத்திரம் இழுத்தாங்க பாருங்க. நான் ஒரு மாசம் வீடியோ பாத்தாலும் அது வராது.

அஞ்சே முக்காலுக்கு எல்லாரையும் டி.வி. முன்னாடி உக்கார வெச்சேன். இறங்கின வீடியோவைக் கணக்குப் போட்டு ஓட விட்டு, சரியா ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு, நிஜத்துல இறங்கின அதே நேரத்துக்கு, டி.வி.யிலயும் இறங்குற மாதிரி. கை தட்டினாங்க, ஏற்கனவே தெரிஞ்ச முடிவுக்கு. அப்போ பாப்பா கேட்டா, "விக்ரம் இப்போ என்ன பண்ணுது மாமா?" செப்டம்பர் ஆரம்பத்துல நிலாவுல ராத்திரி வந்ததும் தூங்க வெச்சாங்க, அதுக்கப்புறம் எழுந்திரிக்கலன்னு சொன்னேன். சொன்ன பிறகுதான் அவ முகத்தைப் பாத்தேன். "எழுந்திரிக்கவே இல்லையா?" எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதோட வேலை 14 நாள்தான், அதை முழுசா முடிச்சுட்டுத்தான் தூங்குச்சு, அது மெஷின், மனுஷங்க அப்படி இல்லன்னு ஏதோ உளறினேன். "தெரியும் மாமா, சும்மா கேட்டேன்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

இப்போ நான் சொல்ல வந்த இடம். அன்னைக்கு ராத்திரி அவ தூங்கினதும், மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அவ எடுத்து வெச்ச டப்பாவைத் திறந்தேன். நாலு கப்கேக். ரெண்டு பரவாயில்ல. ஒண்ணு, நடுவுல ஸ்பூனால தோண்டின மாதிரி பெரிய பள்ளம், ஓரத்துல கடலைமிட்டாய் உடைஞ்சு கிடக்கு. இன்னொண்ணு நீலம் வழிஞ்சு பேப்பர் மேல ஓடியிருக்கு, மூணு ஜெம்ஸ் ஒட்டி ஒட்டி, ஒண்ணு மட்டும் தனியா விளிம்புல. பாவம், தூக்கக் கலக்கத்துல பண்ணியிருக்கான்னு நினைச்சேன். அக்கா ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, பாத்தா சந்தோஷப்படணும், குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டோ வேற போடணும். அரை மணி நேரம் உக்காந்து அந்த ரெண்டையும் வழிச்சு எடுத்துட்டுப் புதுசா போட்டேன். பள்ளத்தை நிரப்பி, சமமாத் தடவி, நாலு காலோட லேண்டரை நிமிர்த்தி வெச்சேன். நீலத்தைத் துடைச்சு, ஜெம்ஸை ஒழுங்கா வட்டமா அடுக்கினேன். அழகா இருந்துச்சு. போட்டோ எடுத்தேன். குரூப்ல போட்டேன். பதினோரு ஹார்ட் வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில ஃபிரிட்ஜைத் திறந்தவ அப்படியே நின்னா. "இதுல ரெண்டு என்னோடது இல்ல."

"கொஞ்சம் சரி பண்ணினேன் பாப்பா, உடைஞ்சு இருந்துச்சு"ன்னேன்.

"உடையல. அது சந்திரயான்-2. அது விழுந்துச்சுல்ல? அதான் பள்ளம்."

2019 செப்டம்பர் 7. விடியறதுக்கு முன்னாடி நானும் தூங்காம முழிச்சிருந்து பாத்தவன்தான். எனக்கே தோணல.

"சரி, இது?"ன்னு அந்த நீலத்தைக் காட்டிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அம்மா, அப்பா, நான். தள்ளி இருக்கிறது பாப்பா. அது இன்னும் வரலல்ல, அதான் தள்ளி வெச்சேன். நீ அதைக் கொண்டு வந்து வரிசையில வெச்சுட்ட."

அவ அழல. அடுப்படிக்குப் போய் ஆயா பின்னாடி நின்னுக்கிட்டா. அம்மா என்னைப் பாத்து, "மார்கழியில நீ வாசல்ல கிறுக்கினதை நான் என்னைக்காவது அழிச்சேனாடா?"ன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல. நிஜம்தான். எங்க வாசல்ல பெரிய கோலத்துக்குப் பக்கத்துல நானும் அக்காவும் போட்ட கோணல் கோணலான பறவை ஒண்ணு எப்பவும் இருக்கும். தெருவுல போறவங்க சிரிச்சுட்டுப் போவாங்க.

எனக்கு ரொம்ப உறைச்சது என்னன்னா, போன வருஷம் ஆபீஸ்ல நான் எழுதின கோடை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம ஒருத்தர் மாத்தி எழுதி மெர்ஜ் பண்ணிட்டார். அவர் எழுதினது என்னோடதைவிட நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஏன் அப்படி எழுதியிருந்தேன்னு அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. இங்கயே, இந்த போட்காஸ்ட்லயே, அதைப் பத்தி முக்கால் மணி நேரம் புலம்பியிருக்கேன். கேட்டிருப்பீங்க. (சிரிப்பு)

மன்னிப்புக் கேட்டேன். குழந்தைகிட்ட மன்னிப்புக் கேக்கறப்ப "ஆனா"ன்னு ஒரு வார்த்தை வாயில வந்து நிக்கும் பாருங்க. "தப்புதான், ஆனா அம்மாவுக்காகத்தான்..." அதை முழுங்கறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன். முழுங்கிட்டேன். மிச்சம் ரெண்டு கப்கேக் எதுவும் போடாம இருந்துச்சு. அவ ஒண்ணும் பேசாம அதை எடுத்து வெச்சா. "தட்டைப் பிடி"ன்னா. பிடிச்சேன். கனாஷைச் சுட வெச்சுத் தரச் சொன்னா, தந்தேன். சங்குப்பூ பறிச்சுட்டு வரச் சொன்னா, மாடிக்கு ஓடினேன். பள்ளத்தைத் தோண்டினா, கடலைமிட்டாயைச் சுத்தியலால உடைக்காம பல்லால கடிச்சு உடைச்சா. நீலம் மறுபடியும் வழிஞ்சுது. துடைக்கத் துணியைக் கையில எடுத்துட்டேன், பழக்க தோஷம். அவ பாத்த பார்வையில கீழ வெச்சுட்டேன். தனியா இருந்த ஜெம்ஸை அதே விளிம்புல, அதே இடத்துலதான் வெச்சா.

ஆஸ்பத்திரியில சிஸ்டர்கிட்ட கேட்டோம். ஒரு வாய் சாப்பிடலாம்னாங்க. அக்கா நாலையும் பாத்துட்டு முதல்ல அந்தப் பள்ளத்தைத்தான் கையில எடுத்தா. "இது விழுந்ததா?" அவ்ளோதான் கேட்டா. யாரும் சொல்லிக் கொடுக்கல. பாப்பா என்னைத் திரும்பிப் பாத்தா. அதுக்கப்புறம் கட்டில்ல ஏறி அம்மா பக்கத்துல உக்காந்து, சோடா நுரைச்சதுலேர்ந்து, நாலு வயசுக்காரன் சக்கரத்தைத் தின்னது வரைக்கும், மூச்சு விடாம சொல்ல ஆரம்பிச்சுட்டா. அரை மணி நேரம். நான் அழிச்சுப் போட்டதையும் சேத்துத்தான் சொன்னா. அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா.

நான் சரி பண்ணின ரெண்டு கப்கேக்? "அது மாமாவோடது, மாமாவே சாப்பிடட்டும்"னு சொல்லிட்டா. திரும்பி வரப்ப ஆட்டோவுல உக்காந்து ரெண்டையும் சாப்பிட்டேன். குரூப்ல இருந்த போட்டோவையும் எடுத்துட்டு, அவ எடுத்த போட்டோவைப் போட்டோம். கொஞ்சம் மங்கல், ஓரத்துல என் கட்டை விரல் தெரியும். மிஸ்ஸுக்கும் அதையேதான் அனுப்பினோம்.

செப்டம்பர் முதல் வாரத்துல தம்பி பிறந்தான். எடை கொஞ்சம் கம்மி, ஆனா நல்லா இருக்கான். அக்காவுக்கு பி.பி. இறங்க இன்னும் ஒரு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. வாசல்ல அக்காவை நிக்க வெச்சு அம்மா ஆரத்தி கலந்தாங்க. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு விழுந்து சிவந்ததும் பாப்பா முன்னாடி வந்து நின்னுக்கிட்டு, மேல் மாடி கீழ் மாடியிலேர்ந்து வந்த அத்தனை பேருக்கும் விளக்கம் சொன்னா. "இது கேக்ல கூட வரும் தெரியுமா? மாமா ஒழுங்கா கலக்காம விட்டா வரும்."

அவ்ளோதான் இந்த வாரம். அடுத்த வாரம் பேசுவோம்.